கரைக்குள் நண்டு வளை: சி.டி. ஸ்கேன் இதயத் தமனியில் எதைப் பார்க்கிறது?

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், பழப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை அடைப்பாம்? எத்தனை சதவீதமாம்?" தொண்ணூறு என்றால் "நல்ல வேளை, தப்பித்தார்" என்பார்கள். நாற்பது என்றால் "அப்படியானால் ஒன்றும் பயமில்லை" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். பந்தியிலும் ரயிலிலும் நாம் பேசுகிற இதய மருத்துவம் முழுவதும் இந்தச் சதவீதக் கணக்குதான். டாக்டர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தார்கள். அவர்கள் கையில் இருந்த கருவி அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லத் தெரிந்ததாக இருந்தது.

அந்தக் கருவி ஒரு கை தவறுதலில் பிறந்தது. 1958 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவர், வால்வு பழுதான 26 வயது இளைஞருக்கு மகா தமனியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே செலுத்திய குழலின் முனை நழுவி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் வலது தமனிக்குள் போய்விட்டது. அதைக் கவனிப்பதற்குள் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாய மருந்து சுமார் 30 மில்லி அதற்குள் பாய்ந்திருந்தது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் போனால் ஆள் பிழைக்க மாட்டார் என்பது அன்றைய நம்பிக்கை. இளைஞரின் இதயம் சில நொடிகள் நின்றது. இருமச் சொன்னார் சோன்ஸ். இருமியதும் மறுபடி துடிக்கத் தொடங்கியது. இன்று நாம் 'ஆஞ்சியோ' என்று சுருக்கிச் சொல்லும் பரிசோதனை அந்த இருமலிலிருந்துதான் புறப்பட்டது. பைபாஸ் அறுவை, பலூன், ஸ்டென்ட் எல்லாம் அதன் வாரிசுகள்.

ஆனால் ஆஞ்சியோவில் தெரிவது தமனி அல்ல. தமனிக்குள் ஓடுகிற சாயத்தின் நிழல்தான் தெரிகிறது. வாய்க்காலில் தண்ணீர் எங்கே அகலமாகப் போகிறது, எங்கே ஒடுங்கிப் போகிறது என்று மேலிருந்து பார்ப்பது போன்றது அது. வாய்க்கால் உடைவது எப்படி என்று டெல்டா விவசாயியைக் கேட்டால் தண்ணீரைக் காட்ட மாட்டார், கரையைக் காட்டுவார். வெளியே வழவழப்பாக இருக்கும் கரைக்குள் நண்டு வளை தோண்டியிருக்கும்; ஒரு ராத்திரியில் கரை பிய்த்துக்கொள்ளும். தமனியின் கதையும் இதுதான். கொழுப்புப் படிவு முதலில் குழாயின் உள்வழியில் குவிவதில்லை, சுவருக்குள் வளர்கிறது. சுவரும் இடங்கொடுத்து வெளிப்பக்கமாக உப்பிக்கொள்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சீமோர் கிளாகோவும் அவருடைய குழுவினரும் 136 இதயங்களின் இடது பிரதானத் தமனியை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது: சுவருக்குட்பட்ட பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி சுருங்குவதே இல்லை. அதுவரை ஆஞ்சியோ எடுத்தால் குழாய் அழகாகத் தெரியும்.

மாரடைப்பு பெரும்பாலும் வருவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான். மெல்லிய மேலோடு கிழிந்து, உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டதும் அங்கே ரத்தம் உறைகிறது. முந்தின நாள் வரை முப்பதோ நாற்பதோ சதவீதம் என்றிருந்த குழாய் சில நிமிடங்களில் முழுவதும் அடைந்துவிடுகிறது. "போன மாதம்தானே டிரெட்மில்லில் ஓடினார், எல்லாம் நார்மல் என்றார்களே" என்று வீட்டார் புலம்புவது இதனால்தான். டிரெட்மில் பரிசோதனை பொய் சொல்லவில்லை. ரத்த ஓட்டம் குறைகிறதா என்று கேட்டோம், இல்லை என்றது. கரையைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கரையைப் பார்க்கும் கருவி வேண்டும் என்ற ஆசை பழையதுதான். தடையாக இருந்தது இதயத்தின் துடிப்பு. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. மூளை அசையாது. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. இதயமோ நிமிடத்துக்கு எழுபது முறை துள்ளுகிறது. அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தமனிகளின் விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நுனிக்குப் போகப் போக அதுவும் குறையும். ஆடுகிற ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணச் சொன்னால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அந்த வேலை.

வழி இதயத்திடமே இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில், இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கி முடிக்கும் தறுவாயில், ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் அது ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. ஈ.சி.ஜி. வரைபடத்தோடு இயந்திரத்தைப் பிணைத்து அந்தக் கணத்தில் மட்டும் படம் பிடித்தால் போதும். துடிப்பு மெதுவாக மெதுவாக அந்த ஓய்வு நீளும் என்பதால்தான் ஸ்கேனுக்கு முன் மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை கொடுத்து நாடியை அறுபதை ஒட்டி இறக்குகிறார்கள். இயந்திரங்களும் இதற்காகவே வளர்ந்தன. 2004-ஐ ஒட்டி 64 வரிசை உணரிகள் கொண்ட கருவிகள் வந்தன. இதயத்தைச் சில துடிப்புகளில் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டின. அடுத்த ஆண்டே சீமென்ஸ் இரண்டு எக்ஸ்ரே குழாய்களை ஒரே சட்டத்தில் பொருத்தியது. கால் சுற்றிலேயே ஒரு படம் கிடைத்துவிடும். 2007-இல் தோஷிபா 320 வரிசைக் கருவியைக் கொண்டுவந்தது. அதன் அகலம் 16 சென்டிமீட்டர். முழு இதயமும் ஒரே துடிப்பில் அகப்பட்டுவிடும்.

பரிசோதனைக்குப் படுப்பவருக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது முழங்கை மடிப்பில் குத்தும் ஊசி, நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் (தமனிகளைச் சற்று விரிய வைக்க), "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்று ஒலிபெருக்கியில் வரும் பதிவுக் குரல், பிறகு அயோடின் மருந்து பாயும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை பரவும் சூடு. சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று பலர் பதறுவார்கள். கழித்திருக்க மாட்டார்கள், அந்தச் சூடு தரும் பிரமை அது. படமெடுப்பது சில நொடிகள். தொடையிலோ மணிக்கட்டிலோ குழல் இல்லை, படுக்கை இல்லை, ஸ்கேன் முடிந்து சிறிது நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு: ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது. ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

கதிர்வீச்சுப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. பல நாட்டு மருத்துவமனைகளில் 2007-இல் கணக்கெடுத்தபோது இந்த ஸ்கேனின் சராசரி அளவு 12 மில்லிசீவெர்ட்டை ஒட்டி இருந்தது. இயற்கையாகவே நம் மேல் விழும் கதிர்வீச்சு உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட்தான். துடிப்பு முழுவதும் எக்ஸ்ரேயைப் பாய்ச்சுவதை விட்டு, அந்த ஓய்வுக் கணத்தில் மட்டும் பாய்ச்சத் தொடங்கியதும் அது மளமளவென்று இறங்கியது. 2017-இல் மறுபடி கணக்கெடுத்தபோது 78 சதவீதம் குறைந்திருந்தது.

படம் நன்றாக வந்துவிட்டது சரி, அதனால் யாராவது பிழைத்தார்களா? மருத்துவத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே விற்பனைக்கு வந்த கருவிகள் ஏராளம். இதயத் தமனி சி.டி.யை அந்தப் பட்டியலிலிருந்து காப்பாற்றியது ஸ்காட்லாந்து. அந்த நாடு மாரடைப்புக்கு நீண்ட காலமாகவே பேர்போனது. எடின்பரோவின் டேவிட் நியூபி தலைமையில் 2010 முதல் 2014 வரை, 12 நெஞ்சுவலி மருத்துவ மையங்களுக்கு வந்த 4,146 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பரிசோதனைகள். மறுபாதிக்கு அவற்றோடு ஒரு சி.டி. ஆய்வின் பெயர் ஸ்காட்-ஹார்ட். ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. வழக்கமான வழியில் போனவர்களில் 3.9 சதவீதம் பேர் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தார்கள் அல்லது இதய நோயால் இறந்திருந்தார்கள். சி.டி. எடுத்தவர்களில் அது 2.3 சதவீதம். ஆள் கணக்கில் 81-க்கு 48.

ஸ்கேன் எடுத்தவர்களுக்கு ஸ்டென்ட் அதிகம் வைத்திருப்பார்கள், அதனால் தப்பித்திருப்பார்கள் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார். இல்லை. ஸ்டென்ட்டும் பைபாஸும் சேர்த்து சி.டி. பக்கம் 279, மறுபக்கம் 267. குழல் வழி ஆஞ்சியோ 491-க்கு 502. ஐந்தாண்டு முடிவில் குழல் செலுத்தும் அறையான கேத் லேபுக்குள் போனவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வேறுபட்டது மருந்துச் சீட்டு. சி.டி. பக்கத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற தடுப்பு மருந்துகள் கூடுதல் பேருக்குப் புதிதாகத் தொடங்கப்பட்டன. தமனியில் படிவே இல்லாதவர்களுக்குத் தேவையற்ற மருந்துகள் நிறுத்தப்பட்டன. 'அடைப்பு' என்று சொல்ல முடியாத, ஆனால் சுவருக்குள் படிவு இருந்த ஒரு கூட்டத்தை ஸ்கேன் பிடித்துக் கொடுத்தது. நண்டு வளை தெரிந்ததும் மண் அடைத்தார்கள், அவ்வளவுதான். 2025-இல் வந்த பத்தாண்டு முடிவிலும் இடைவெளி மறையவில்லை: 8.2-க்கு 6.6 சதவீதம்.

இந்த முடிவை எல்லோரும் அப்படியே விழுங்கிவிடவில்லை. சில சதவீதம் பேருக்குக் கூடுதலாக மாத்திரை கொடுத்ததால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருமா என்ற சந்தேகம் எழுந்தது. யாருக்கு எந்தப் பரிசோதனை நடந்தது என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியும் என்பதும் ஒரு குறை. என் கணிப்பில், மாத்திரை எழுதியது பாதிக் கதை. தன் தமனிச் சுவரில் கொழுப்பு படிந்திருப்பதைத் திரையில் கண்ணால் பார்த்த ஒருவர் அந்த மாத்திரையை விழுங்குகிற விதமே வேறாக இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,003 பேரிடம் நடந்த பிராமிஸ் ஆய்வு 2015-இல் வேறு மாதிரி சொன்னது: டிரெட்மில் முதலான பரிசோதனைகளோடு ஒப்பிட்டால், சுமார் இரண்டு ஆண்டுகளில் சி.டி. பக்கம் 3.3, மறுபக்கம் 3.0 சதவீதம், ஆகவே உயர்வு தாழ்வு இல்லை. இரண்டு ஆண்டு இதற்குப் போதாத காலம் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. படிவு ஒரு வருடத்தில் வந்ததல்ல, மருந்தும் ஒரு வருடத்தில் பலன் காட்டி முடிப்பதில்லை.

பிரிட்டன் காத்திருக்கவில்லை. அந்நாட்டின் தேசிய வழிகாட்டி அமைப்பான நைஸ், நிலையான நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு முதல் பரிசோதனையாக இந்த சி.டி.யையே வைக்கச் சொல்லி 2016 நவம்பரில் அறிவித்தது. 2019-இல் ஐரோப்பிய வழிகாட்டலும் 2021-இல் அமெரிக்க வழிகாட்டலும் இதை முன்வரிசைக்கு ஏற்றின. குழல் வழி ஆஞ்சியோவை நேருக்கு நேர் எதிர்த்து நிற்க வைத்த ஆய்வும் ஐரோப்பாவில் நடந்தது. டிஸ்சார்ஜ் என்று பெயர்; 26 மையங்கள், 3,561 பேர். மூன்றரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்ந்து சி.டி. பக்கம் 2.1, ஆஞ்சியோ பக்கம் 3.0, புள்ளியியல் கணக்கில் இது சமம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் சிகிச்சை முறையால் வந்த பெரிய சிக்கல்கள் 0.5-க்கு 1.9. நோயைக் கண்டுபிடிக்க மட்டும் குழல் செலுத்துவதற்கு இதற்குப் பிறகு வாதம் செய்வது கடினம். அதற்கும் முன்பு, 2010-இல், அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேரின் ஆஞ்சியோ பதிவுகளைப் புரட்டியபோது, பெரிய அடைப்பு இருந்தது 37.6 சதவீதம் பேருக்குத்தான் என்று தெரியவந்தது. மற்றவர்கள் சும்மா உள்ளே போய் வந்தவர்கள்.

சி.டி.யிலும் ஒரு பெரிய குறை உண்டு. அறுபது, எழுபது சதவீதம் போல நடுவாந்தரமான சுருக்கம் தெரிந்தால், அதனால் ரத்த ஓட்டம் உண்மையில் தடைபடுகிறதா என்று வெறும் படம் சொல்லாது. குழல் வழி செய்யும்போது சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் டெய்லரும் கிறிஸ்டோபர் ஜாரின்ஸும் இந்த விகிதத்தைக் குழல் இல்லாமலே கணக்குப் போட்டு எடுக்க முயன்றார்கள். சி.டி. படத்திலிருந்து அந்த ஆளின் தமனி மரத்தைக் கணினியில் கட்டி, விமானச் சிறகின் மேல் காற்று ஓடுவதைக் கணக்கிடப் பயன்படும் அதே திரவ இயக்கச் சமன்பாடுகளை அதற்குள் ஓடவிட்டார்கள். ஹார்ட்ஃப்ளோ என்ற நிறுவனமாக அது வளர்ந்தது. 2014 நவம்பரில் அமெரிக்க அனுமதி, 2017-இல் பிரிட்டனில் நைஸ் பரிந்துரை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணமிட்ட தமனி மரத்தைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலப்படம் மங்கலாக இருந்தால் எந்தச் சமன்பாடும் காப்பாற்றாது.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. சி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது: தண்ணீர் சுழியம், காற்று மைனஸ் ஆயிரம், கொழுப்பு சுழியத்துக்குக் கீழே, சுண்ணாம்பு 130-க்கு மேலே. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே அந்த அலகை அழைக்கிறார்கள். படிவுக்குள் எண் 30-க்கும் கீழே இறங்கினால் அது மெத்தென்ற, கொழுப்பு நிறைந்த, கிழியக்கூடிய வகை. ஸ்காட்-ஹார்ட் படங்களையே மறுபடி அளந்து 2020-இல் வெளியிட்டார்கள்: தமனியின் கொள்ளளவில் 4 சதவீதத்துக்கு மேல் இந்த மென்படிவு இருந்தவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆக்ஸ்ஃபோர்டில் சரலம்போஸ் அந்தோனியாடிஸ் குழு இன்னும் ஒரு படி வெளியே போய், தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பையே கவனித்தது. சுவர் அழற்சியில் புண்பட்டிருந்தால், பக்கத்துக் கொழுப்பின் நீர்ச்சத்து கூடி அதன் எண் மாறுகிறதாம். பிரிட்டனின் எட்டு மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுத்த 40,091 பேரைத் தொடர்ந்து 2024-இல் அவர்கள் சொன்ன ஒரு தகவல் போதும்: பிற்பாடு வந்த பெரிய இதயச் சம்பவங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, ஸ்கேனில் 'பெரிய அடைப்பு இல்லை' என்று அனுப்பப்பட்டவர்களுக்கு வந்தவை. அவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பது ஒரு காரணம். ஆனாலும் "நாற்பதுதானே" என்று சொல்லும் வாய் சற்று நிதானிக்க வேண்டிய கணக்கு அது.

'முழு உடல் பரிசோதனை' விளம்பரங்களில் வருகிற கால்சியம் ஸ்கோர் இதிலிருந்து வேறு. ஊசியும் சாயமும் இல்லாமல் தமனியில் உறைந்த சுண்ணாம்பை மட்டும் எண்ணுகிற எளிய ஸ்கேன் அது. 1990-இல் ஆர்தர் அகாட்ஸ்டன் வகுத்த முறை. அறிகுறி எதுவும் இல்லாத நடுவயதுக்காரருக்கு ஸ்டாட்டின் வேண்டுமா என்று முடிவெடுக்க நல்ல துணை. ஆனால் சுண்ணாம்பு பழைய காயத்தின் தழும்பு. புதிய, மெத்தென்ற படிவில் அது இருக்காது. இதுதான் நம்மவர்களுக்கு முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 59-ஐ ஒட்டி. நாற்பது வயதில் நெஞ்சு வலியோடு வருகிற ஒருவரிடம் "ஸ்கோர் சுழியம், போய் வாருங்கள்" என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு வேடிக்கை, ஸ்டாட்டின் சாப்பிட்டால் மென்படிவு இறுகிச் சுண்ணாம்பாகும், ஸ்கோர் ஏறும். ஏறிய எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நல்லது நடந்ததற்குத் தண்டனை கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் ஒத்துவராது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர், குழாய் முழுவதும் சுண்ணாம்பு படிந்த முதியவர், குறுகலான பழைய ஸ்டென்ட் உள்ளவர் ஆகியோருக்குப் படம் ஏமாற்றும். சுண்ணாம்பு எக்ஸ்ரேயில் பூத்துப் பெரிதாகத் தெரிந்து, இல்லாத அடைப்பைக் காட்டும். 2021-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஃபோட்டான் எண்ணும் கருவிகள் இதைக் கணிசமாகக் குறைக்கின்றன. எக்ஸ்ரேயை முதலில் ஒளியாக மாற்றாமல் துகள் துகளாகவே எண்ணுவதால் 0.2 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கின்றன. விலைதான் எட்டாக்கனி. கடும் வலியோடு வந்து, ஈ.சி.ஜி.யிலேயே மாரடைப்பு என்று தெரிந்துவிட்டவருக்கோ இதில் எதுவுமே பொருந்தாது. அவரை நேரே கேத் லேபுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை.

சி.டி. ஆஞ்சியோ அறிக்கையின் கடைசியில் இப்போதெல்லாம் கேட்-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். சுழியத்திலிருந்து ஐந்து வரை. நான்கும் ஐந்தும் வந்தால் யாரும் சொல்லாமலே குடும்பம் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு என்று வந்தால், அதாவது 25 முதல் 49 சதவீதம், "ஸ்டென்ட் வேண்டாமாம்" என்ற நிம்மதியில் கோப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. அதைப் பீரோவில் வைப்பதற்கு முன் டாக்டரிடம் மூன்றைக் கேட்கலாம்: படிவு எந்தத் தமனியில், எந்த இடத்தில் இருக்கிறது; அது மெத்தென்றதா, சுண்ணாம்பா; என் கெட்ட கொழுப்பை எந்த எண்ணுக்கு இறக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டு மாறியது இந்த மாதிரி அறிக்கை வந்தவர்களுக்குத்தான்.